இலை காவல் செய்யும், டீசல் ஆக்காது

பாவித்த சமையல் எண்ணெயிலிருந்து டீசலுக்குப் பதிலான ஓர் எரிபொருளைச் செய்யலாம் என்பது உண்மை. அந்த எரிபொருள் விரைவில் கெட்டுப்போகாமல் இருக்கச் சில தாவரங்களின் சாரம் உதவும் என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகக் குழைத்து, "பழைய எண்ணெய்க்குள் இலைச்சாற்றை விட்டால் உழவு இயந்திரம் ஓடும்" என்று யாராவது சொன்னால், அது பொய். அந்தப் பொய்யின் விலையைச் சொன்னவர் கொடுக்கமாட்டார். பலமுறை இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து, கடன்பட்டு ஒரு இரு சில்லு உழவு இயந்திரத்தை வாங்கி நிறுத்தியிருக்கும் குடும்பந்தான் கொடுக்கும். ஆகவே இவ்விடயத்தைப் பற்றித் தெளிவாகப் பேசவேண்டிய தேவை உள்ளது என நாம் கருதுகிறோம்.

தட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல

எரிபொருள் இல்லாமல் வாழ்வது எப்படி என்பதை வடக்கு மக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மண்ணெண்ணெயுடன் சமையல் எண்ணெயைக் கலந்து ஓடிய வாகனங்களும் வீதிகளில் இருந்தன. பின்னர் 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, தோட்டத்துக்கு இறைப்பவரும் கடலுக்குப் போகிறவரும் ஒன்றாகத் தவித்தனர்.

இதே 1990களில், பப்புவா நியூகினிக்குச் சொந்தமான போகன்வில் தீவும் முற்றுகைக்குள் இருந்தது. அங்குள்ள மக்கள் தங்கள் தென்னந்தோப்புகளின் தேங்காயெண்ணெயைக் கொண்டு டீசல் வாகனங்களை ஓட்டினார்கள். ஆக, தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடும் என்பது கட்டுக்கதையல்ல. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சின் ஒன்று கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது.

ஆனால் வேறு வழியில்லாத காலத்தில் செய்வது ஒன்று. வழி உள்ள காலத்தில் தொழிலாகச் செய்வது வேறொன்று. முற்றுகைக் காலத்தில் எஞ்சின் புகை கக்கினாலும் நாளைக்கு ஓடினாற் போதும் என்றிருந்தோம். இன்று அந்த எஞ்சின் பத்து வருடம் ஓடவேண்டும். அதன் கடனும் கட்டி முடியவேண்டும்.

எண்ணெய் எரிபொருளாவது எப்படி?

சமையல் எண்ணெயின் முதற் குறை அதன் தடிப்பு. விஞ்ஞானத்தில் இதனைப் பாகுநிலை என்பர். 40 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் டீசலின் பாகுநிலை செக்கனுக்கு 2 தொடக்கம் 4.5 சதுர மில்லிமீற்றர் வரை இருக்கும். தேங்காயெண்ணெயினுடையது ஏறத்தாழ 27. ஏனைய பல சமையல் எண்ணெய்களினுடையது 30 தொடக்கம் 40 வரை. இவ்வளவு தடித்த எண்ணெயை டீசல் பம் தள்ளினாலும் நொசில் அதனை நுண்ணிய பனியாகத் தெளிக்கமாட்டாது, பெருந்துளிகளாக விடும். பெருந்துளி முழுதாக எரியாது. எரியாத மிச்சம் நொசிலிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாகப் படியும். கீழிறங்கி எஞ்சின் ஒயிலையும் தடிக்கச் செய்யும்.

இந்தத் தடிப்பைக் குறைப்பதற்கே எண்ணெயை உயிர்டீசலாக மாற்றுகிறார்கள். வடித்து, நீர் நீக்கிய எண்ணெயுடன் மெதனோல் என்ற அற்ககோலையும் சிறிதளவு கோஸ்ரிக் சோடாவையும் சேர்த்து, இளஞ்சூட்டில் கலக்குவார்கள். எண்ணெய் பிரிந்து, மேலே மெல்லிய எரிபொருளும் கீழே கிளிசரினும் நிற்கும். மேலே நிற்பதை எடுத்து, நீர்விட்டுக் கழுவி, மீண்டும் நீர் முழுவதும் போக உலர்த்தவேண்டும். முறையாகச் செய்தால் பாகுநிலை 5க்குக் கீழே இறங்கிவிடும். 100 லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 20 லீற்றர் மெதனோல் தேவை. அது விலைக்கு வாங்கவேண்டிய பொருள். "சும்மா கிடைக்கும் எரிபொருள்" என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

பாவித்த எண்ணெயில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். வடையும் மீனும் விட்ட நீரும் இருக்கும். அமிலம் கூடிய எண்ணெயில் கோஸ்ரிக் சோடாவைப் போட்டால் எரிபொருளுக்குப் பதில் சவர்க்காரமே மிஞ்சும். எனவே எண்ணெயை முதலில் சோதித்து, அமிலம் கூடியதை வேறாக எடுத்துப் பதப்படுத்தவேண்டும். கண்ணால் பார்த்து அளவு போடும் வேலையல்ல இது.

இலை செய்யும் வேலை

செய்து முடித்த உயிர்டீசலின் பெரிய பலவீனம் அது நாட்படத் தாங்காமை. காற்றிலுள்ள ஒட்சிசன் அதனைத் தாக்கும்போது, நாட்பட்ட கொப்பறாவைப் போலக் காறல் மணம் எழும், அமிலம் கூடும், பிசின் போன்ற பொருள் உண்டாகிப் பில்ரரை அடைக்கும். செம்பு, பித்தளை, துருப்பிடித்த இரும்பு ஆகியன படும் இடத்தில் இக்கேடு இன்னும் வேகமாக நடக்கும். காலபோகத்துக்கு உழவென்று செய்து வைத்த எரிபொருள் சிறுபோகத்துக்கு எடுக்கும்போது கெட்டிருந்தால் பயன் என்ன?

தாவரச் சாரம் உதவுவது இங்கேதான். நம் வீடுகளில் நெய் உருக்கும்போது முருங்கை இலை போடும் வழக்கம் உண்டு. ரோஸ்மேரி, தேயிலை, மஞ்சள், இஞ்சி, மாதுளந்தோல், முருங்கை இலை போன்றவற்றில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருட்கள் உள்ளன. இவை ஒட்சிசன் தொடக்கிவைக்கும் தாக்குதலுக்குத் தாமே முதலில் இரையாகி, எரிபொருளைக் காக்கின்றன. ஒரு கிலோகிராம் உயிர்டீசலுக்கு ஒரு கிராம் அல்லது அதற்கும் குறைந்த அளவு சாரம் சேர்த்து ஆய்வுகூடங்களில் சோதித்திருக்கிறார்கள். சோதிக்கும் முறை இதுதான்: எரிபொருளை 110 பாகை செல்சியஸில் சூடாக்கி, அதனூடாகக் காற்றைச் செலுத்தி, எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய நியமம் 8 மணித்தியாலம் கேட்கிறது. அமெரிக்க நியமம் 3 மணித்தியாலம் கேட்கிறது. நியமத்தை எட்டாத எரிபொருள் தக்க சாரம் சேர்ந்ததும் எட்டியதுண்டு.

நமது நாட்டுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 வீதம் ஒட்சிசன் எளிதில் தாக்க முடியாத வகையைச் சேர்ந்தது. சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் அப்படியல்ல. அவை விரைவில் கெடும். ஆகவே தேங்காயெண்ணெயில் செய்த உயிர்டீசல் இயல்பாகவே கூடுதலாகத் தாங்கும். குளிர்நாடுகளில் உயிர்டீசல் உறைந்து தொல்லை தருவதுண்டு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அந்தப் பயமும் இல்லை. ஆனால் கடைகளில் சேர்க்கும் எண்ணெய் தேங்காயெண்ணெய் மட்டுமாக இராது. பாம் எண்ணெயும் பிறவும் கலந்திருக்கும். மேலும், எண்ணெயில் இயற்கையாக உள்ள விற்றமின் ஈ என்னும் காவற்பொருள் பொரிக்கும் சூட்டில் பெருமளவு அழிந்துவிடும். எனவே பாவித்த எண்ணெய்க்கு வெளியிலிருந்து ஒரு காவல் தேவைப்படுகிறது.

இலை செய்யாத வேலை

இத்தனையும் சொன்ன பின்னர், இலையால் முடியாததையும் சொல்லவேண்டும்.

இலைச் சாரம் எண்ணெயை உயிர்டீசலாக மாற்றாது. ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் சேரும் பொருள் தடித்த எண்ணெயை மெல்லியதாக்க முடியாது. சரியாகக் கழுவாத எரிபொருளில் உள்ள சவர்க்காரத்தை அது நீக்காது, நீரை உலர்த்தாது, மிஞ்சிய மெதனோலை வெளியேற்றாது. கெட்டுப்போன எரிபொருளை மீட்கவும் மாட்டாது. ஊறுகாய்க்கு உப்பை முதலிலேயே போடவேண்டும். பூஞ்சணம் பிடித்த பின் போட்டுப் பயனில்லை. அதுபோலவே இச்சாரமும் எரிபொருள் செய்தவுடன் சேரவேண்டும். காவற்பொருள் தீர்ந்ததும் காவலும் தீர்ந்துவிடும்.

இன்னொன்று: ஆய்வுகூடத்தில் சேர்ப்பது அம்மியில் அரைத்துப் பிழிந்த சாறு அல்ல. காய்ந்த இலையை அற்ககோலில் ஊறவைத்து, வடித்து, அற்ககோலை ஆவியாக்கி எடுத்த சாரம். பச்சைச் சாற்றில் பெரும்பகுதி நீர். எரிபொருளுக்கு நீர் எதிரி. அதிலுள்ள பச்சையம் வெளிச்சம் பட்டால் ஒட்சியேற்றத்தைத் தடுப்பதற்கு மாறாகத் தூண்டிவிடும். நன்கு எடுத்த சாரங்களிலும் சில, எரிபொருளில் சரியாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும். இத்தொழிலுக்கென்றே செய்யப்படும் செயற்கைத் தடுப்புப் பொருட்கள் பல வேளைகளில் இலைச் சாரங்களைவிடக் கூடிய பலன் தருகின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை.

யூக்கலிப்டஸ் எண்ணெய், தோடம்பழத் தோல் எண்ணெய் போன்றவற்றைக் கூடிய அளவில் கலந்து எரிபொருளை மெல்லியதாக்கும் ஆய்வுகளும் நடந்துள்ளன. இவை பாகுநிலையைக் குறைப்பது உண்மை. ஆனால் இவை எளிதில் தீப்பற்றுபவை. உயிர்டீசலின் ஒரு சிறப்பு, அதன் ஆவி 100 பாகைக்கு மேல் சூடேறாமல் தீப்பற்றாது என்பதுதான். இத்தகைய எண்ணெய்களைக் கலந்தால் அந்தப் பாதுகாப்புக் குறையும். ஒரு குணத்தைத் திருத்தப்போய் இன்னொரு குணத்தைக் கெடுக்கக்கூடாது.

தமிழ்நாட்டில் 1996இல் "மூலிகைப் பெற்றோல்" என்று எழுந்த பரபரப்பை நம்மில் பலர் பத்திரிகைகளில் வாசித்தோம். இலையைப் போட்டு நீரைப் பெற்றோலாக்கலாம் என்ற அந்தக் கூற்று விஞ்ஞானிகளின் சோதனையில் நிலைக்கவில்லை. எரிபொருளின்றித் தவிப்பவரின் காதுக்கு இத்தகைய பேச்சு இனிக்கும். அதனால்தான் அவர்களிடம் பேசுகிறவர்கள் அளந்து பேசவேண்டும்.

எந்த எஞ்சினுக்கு?

இதனை நீங்கள் தவறாமற் கவனிக்கவேண்டும். தோட்டங்களில் நாம் பாவிக்கும் சிறிய மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்கள் பிளக்கின் தீப்பொறியால் எரிபவை. உயிர்டீசல் அவற்றுக்கு உரியதல்ல. மண்ணெண்ணெய் விலை எவ்வளவு ஏறினாலும் அதற்கு மாற்றாக உயிர்டீசலை அந்த ராங்கியில் ஊற்றக்கூடாது. இரு சில்லு, நான்கு சில்லு உழவு இயந்திரங்கள், டீசல் இறைப்பு இயந்திரங்கள் ஆகியவையே இதற்குரியவை.

அவற்றிலும் கலப்பாகத் தொடங்குவதே அறிவுடைமை. ஐரோப்பிய டீசல் நியமம் 7 வீதம்வரை உயிர்டீசல் கலப்பதை ஏற்கிறது. தென்னை வளம் மிக்க பிலிப்பைன்ஸ் நாடு 2006இல் சட்டம் இயற்றி, 2007இல் 1 வீதமும் 2009இல் 2 வீதமும் எனத் தேங்காயெண்ணெய் உயிர்டீசலை டீசலில் கலந்தது. ஒரு நாடே இவ்வளவு நிதானமாக அடியெடுத்து வைத்திருக்க, ஒரு குடும்பம் தன் ஒரே இயந்திரத்தில் நூறு வீதம் ஊற்றிப் பார்க்க வேண்டியதில்லை. தனி உயிர்டீசல் பழைய ராங்கியின் அழுக்கைக் கரைத்துப் பில்ரருக்குக் கொண்டுவரும். இறப்பர்க் குழாய்களை ஊதச் செய்யும். அதே அளவு டீசலோடு ஒப்பிட்டால் அதன் சக்தியும் ஏறத்தாழ 8 வீதம் குறைவு.

யாராவது உயிர்டீசல் விற்க வந்தால் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கண்ணாடிப் போத்தலில் அரைவாசி அதனையும் அரைவாசி நல்ல நீரையும் விட்டு, மூடிக் குலுக்கி, அரை மணித்தியாலம் வையுங்கள். நன்கு செய்த எரிபொருள் மேலேயும் நீர் கீழேயும் தெளிவாகப் பிரியும். இடையில் பால் போன்ற படை நின்றால் சவர்க்காரம் இருக்கிறது; வாங்காதீர்கள். பிரிந்து நின்றாலும் அது முழுச் சான்றிதழ் ஆகாது. தள்ளவேண்டியதைத் தள்ளுவதற்கு மட்டுமே இச்சோதனை.

வீட்டுக் கொல்லையில் வேண்டாம்

இதனைக் குடிசைக் கைத்தொழிலாக ஊக்குவிப்பதை நாம் ஏற்கவில்லை. மெதனோல் நஞ்சு. கசிப்பில் அது கலந்து கண்ணிழந்தோரையும் உயிரிழந்தோரையும் நாம் அறிவோம். அதன் ஆவி நமது சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரிவதே அரிது. கோஸ்ரிக் சோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் ஓலைக் கொட்டிலுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இவற்றை வைத்துத் தொழில் செய்யுங்கள் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லக்கூடாது.

கிணற்றையும் நினைக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே விரைந்து இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. உயிர்டீசலைக் கழுவிய நீரில் சவர்க்காரமும் சோடாவும் மெதனோலும் இருக்கும். வீட்டுக்கு வீடு அதனை நிலத்தில் ஊற்றினால், எரிபொருளைத் தேடிப்போய்க் குடிநீரை இழப்போம்.

அளவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சந்தைப் பகுதியில் பத்துக் கடைகள் கிழமைக்கு இரண்டு லீற்றர் வீதம் பாவித்த எண்ணெய் தருவதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஆயிரம் லீற்றர் அளவில் சேரும். வண்டல், நீர் போக ஏறத்தாழ 900 லீற்றர் எரிபொருள் மிஞ்சலாம். இதைத் தனித்தனிக் குடும்பங்கள் பங்கிட்டால் எவருக்கும் ஒரு போக உழவுக்கே காணாது. ஒரு கூட்டுறவுச் சங்கம் 5 வீதக் கலப்பாகப் பாவித்தால் 18,000 லீற்றரில் அதன் பங்கு இருக்கும்.

நாம் கேட்பது

முதலாவது, பாவித்த எண்ணெயைச் சேகரிப்பதைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் பொறுப்பேற்கவேண்டும். இது எரிபொருளுக்கு மட்டும் நல்லதல்ல. கறுத்த எண்ணெய் மீண்டும் மீண்டும் பொரிப்புச் சட்டிக்குப் போவதையும் இது தடுக்கும். இந்தியாவில் 2018இல் பொரிக்கும் எண்ணெயின் கேட்டுக்கு 25 வீதம் என்ற உச்ச எல்லையை விதித்து, அதைத் தாண்டியதை உயிர்டீசலுக்குத் திருப்பும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை தொடங்கியது. நம் பிள்ளைகள் உண்ணும் வடைக்கும் அத்தகைய காவல் வேண்டும்.

இரண்டாவது, உற்பத்தி ஓரிடத்தில், பயிற்சி பெற்றவர் கையில், தீயணைப்பு வசதியுடனும் கழிவுநீர் ஏற்பாட்டுடனும் நடக்கவேண்டும். வெளிவரும் ஒவ்வொரு தொகுதியும் அமிலம், நீர், பாகுநிலை ஆகியன அளக்கப்பட்ட பின்னரே உழவருக்குக் கொடுக்கப்படவேண்டும்.

மூன்றாவது, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் அருகருகே இருக்கின்றன. நமது கடைகளின் எண்ணெயையும், நமது முற்றத்து முருங்கையையும் கறிவேப்பிலையையும் மாதுளந்தோலையும் அவர்கள் சோதித்து, எந்தச் சாரம், எந்த அளவில், எத்தனை மாதம் காக்கும் என்பதை உழவருக்கு விளங்கும் தமிழில் சொல்லவேண்டும். நமது வெயிலில், நமது பரல்களில், நமது இயந்திரத்தில் சோதிக்காத ஒன்றை ஆய்வுக் கட்டுரையிலிருந்து நேரே வயலுக்கு இறக்கக்கூடாது.

நான்காவது, புதிய எரிபொருளை முதலில் ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் நிறுவனத்தின் இயந்திரமாக இருக்கட்டும். பழுதானால் அதனைத் திருத்த நிறுவனத்திடம் பணம் உண்டு. பரிசோதனையின் நட்டத்தை ஏழை உழவனின் தலையில் கட்டுவது அபிவிருத்தியாகாது.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவர்களும், திரும்பி வந்து பற்றைக்காட்டை வெட்டி வெளியாக்கியவர்களும் இதனை வாசிக்கிறீர்கள். வெளியாரின் கையை எதிர்பாராமல் நமது எரிபொருளில் ஒரு பங்கை நாமே செய்யவேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு வழியும் உண்டு. அந்த வழி கூட்டாகச் சேர்ப்பது, அளந்து செய்வது, சோதித்துப் பாவிப்பது. முருங்கை இலைக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதன் இடம் காவற்காரனின் இடம் என்பதை அறிந்து பாவித்தால் நமக்கு நன்மை. அடுத்த முறை உங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதுபற்றிப் பேச்செழுந்தால், "எங்கே சோதித்தீர்கள்? பழுதானால் பொறுப்பு யாருடையது?" என்ற இரண்டு கேள்விகளையும் எழுந்து நின்று கேளுங்கள்.